நுரையும் காரீயமும்

தண்ணீரை வீடு ஒரு விதமாகவும் நகராட்சி ஒரு விதமாகவும் அளக்கின்றன. வீட்டின் அளவுகோல்கள் பழையவை, எளியவை. பருப்பு வேகிறதா, சோப்பு நுரைக்கிறதா, வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளைப் பொருக்கு ஏறுகிறதா என்று பார்ப்பது அவற்றுள் சில. இவற்றில் தேறிய நீரை நல்ல தண்ணீர் என்கிறோம். தேறாததை உப்புத் தண்ணீர் என்று ஒதுக்கி, துணி அலசவும் வாசல் தெளிக்கவும் வைத்துக்கொள்கிறோம். நகராட்சியின் கவலைகள் வேறு: கலங்கல், கிருமி, குழாயின் ஆயுள், குழாய் முனையில் மிஞ்சும் குளோரின். இரு தரப்பும் ஒன்றையொன்று அறியாமலே பல காலம் ஓட்டிவிட முடியும். நம் ஊர்களில் பெரும்பாலும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த இரண்டு அளவுகோல்களும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட ஒரு காலமும் இடமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரிட்டனின் இரு பெருநகரங்கள் தம் மக்களுக்கு எந்த நீரைத் தருவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. லண்டன் கடின நீரோடு வாழ்வது என்று ஒதுங்கிக்கொண்டது. கிளாஸ்கோ மலைகளைக் குடைந்து மென்னீரைக் கொண்டுவந்தது. எந்த நகரம் சரியாகத் தேர்ந்தது என்ற கேள்விக்கு முழு விடை கிடைக்க நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த விடை இரண்டு நகரங்களில் எதற்கும் முழு மதிப்பெண் கொடுக்கவில்லை என்பதே இந்த வரலாற்றின் சுவாரசியம்.

*

முதலில் கடினம் என்பது என்னவென்று பார்த்துவிடலாம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக மெல்லிய அமிலமாகிறது. சுண்ணாம்புப் பாறை உள்ள நிலத்தில் அது இறங்கும்போது பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்துத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. அப்படிக் கரைந்த கால்சியமும் மக்னீசியமும்தான் கடினம். பைகார்பனேட்டாகக் கரைந்த கால்சியம் நீரைக் கொதிக்கவைத்தால் மறுபடி சுண்ணாம்புக் கல்லாகப் பிரிந்து பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். இதைத் தற்காலிகக் கடினம் என்பார்கள். சல்பேட்டாகவும் குளோரைடாகவும் இருப்பது கொதித்தாலும் போகாது. அது நிரந்தரக் கடினம்.

தெளிந்த நீர் வேறு, மென்மையான நீர் வேறு என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரைத்துவைத்தால் கலங்கல் நீர் தெளியும். அதன் கடினம் அப்படியேதான் இருக்கும். மணல் வடிகட்டியும் அப்படித்தான். 1829இல் செல்சீ தண்ணீர்க் கம்பெனியின் பொறியாளர் ஜேம்ஸ் சிம்ப்சன் தேம்ஸ் நதி நீரை மணற்படுகைகளின் வழியே மெதுவாக இறக்கித் தெளியவைத்தார். உலகமெங்கும் நகராட்சி வடிகட்டிகளுக்கு அது முன்மாதிரியாயிற்று. ஆனால் கரைந்திருக்கும் சுண்ணாம்பு எந்த மணலிலும் சிக்காது.

சிக்காத சுண்ணாம்பு சோப்பில் சிக்கியது. சோப்பு நீரில் கரைந்ததும் அதன் கொழுப்பமிலத்தைக் கால்சியம் பற்றிக்கொண்டு கரையாத பிசுக்காக மாற்றிவிடுகிறது. நீரில் உள்ள கால்சியம் முழுவதும் இப்படித் தீர்ந்த பிறகுதான் முதல் நுரையே எழும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினம் உள்ள நீரை 20 லிட்டர் வாளியில் பிடித்தால் அதில் 4 கிராம் சுண்ணாம்புக்கல் கரைந்திருக்கிறது. அதைத் தீர்த்துக்கட்ட ஏறத்தாழ 25 கிராம் சோப்பு வேண்டும். அந்தச் சோப்பு ஒரு துணியைக்கூட வெளுப்பதில்லை. மேலும் துணியில் சாம்பல் நிறப் பிசுக்காகவே படிந்துவிடுகிறது.

விக்டோரியா காலத்து லண்டனில் இது அற்பக் கணக்கு அல்ல. 1712 முதல் சோப்புக்கு வரி இருந்தது. 1853இல்தான் அது நீக்கப்பட்டது. நிலக்கரிப் புகையில் நாள்தோறும் கறுக்கும் நகரத்தில், வரியோடு வாங்கிய சோப்பில் கணிசமான பங்கைத் தண்ணீரே தின்றது. சலவை செய்து பிழைத்த பெண்களுக்கு அது கூலியிலிருந்து கழிந்த பணம்.

*

இதைக் கணக்காக மாற்றியவர் தாமஸ் கிளார்க் (1801-1867). அபர்டீனின் மாரிஷல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். 1841இல் நீரை மென்மையாக்கும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். கேட்பதற்கு முரணாகத் தோன்றும் முறை அது: சுண்ணாம்பு மிகுந்த நீரில் மேலும் சுண்ணாம்பைச் சேர்ப்பது. சேர்த்த சுண்ணாம்பு நீரில் உள்ள பைகார்பனேட்டோடு வினைபுரிய, ஏற்கெனவே இருந்ததும் புதிதாக வந்ததும் இரண்டுமே கரையாத வெண்பொடியாகி அடியில் படிந்துவிடும். முள்ளை முள்ளால் எடுப்பது என்று நம்மவர் சொல்வதற்கு வேதியியலில் இதைவிட நேரான உதாரணம் கிடைக்காது.

அவர் தந்த இன்னொரு கொடை, கடினத்தை அளக்கும் முறை. அளவிட்ட நீரை ஒரு குப்பியில் எடுத்துக்கொண்டு, திட்டமான சோப்புக் கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குலுக்க வேண்டும். எழுந்த நுரை ஐந்து நிமிடம் கலையாமல் நிற்கும்போது எவ்வளவு சோப்பு செலவாகியிருக்கிறதோ அதுவே அந்த நீரின் கடினம். ஒரு காலன் நீரில் ஒரு கிரெயின் சுண்ணாம்புக்கல் இருந்தால் அது ஒரு டிகிரி. இன்றைய அளவில் லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம். லண்டனின் தேம்ஸ் நீர் பதினான்கு, பதினைந்து டிகிரி காட்டியது.

கிளார்க்கின் அளவுகோல் சோப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். சலவைத் தொட்டியின் அனுபவம் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்து எண்ணாக மாறிய தருணம் அது. வீட்டின் குரல் அரசாங்க அறிக்கைகளில் முதல் தடவையாகப் புள்ளிவிவரமாகக் கேட்கத் தொடங்கியது. கூடவே ஓர் ஆபத்தும் நுழைந்தது. சோப்பை வைத்து நீரை அளந்தால் சோப்புக்குத் தெரிவது மட்டும்தான் நமக்கும் தெரியும்.

1850இல் எட்வின் சாட்விக் அங்கம் வகித்த பொதுச் சுகாதார வாரியம் லண்டனின் நீர் வழங்கலைப் பற்றி ஒரு பேரறிக்கை வெளியிட்டது. தேம்ஸைக் கைவிட்டு, தென்மேற்கே சரே மாவட்டத்து மணற்பாங்கான நிலங்களிலிருந்து மென்னீரைத் திரட்டிக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் பரிந்துரை. சோப்பு, தேயிலை, சமையல், துணியின் தேய்மானம் என்று வீட்டுச் செலவுகளின் மேல் எழுப்பப்பட்ட வாதம் அது. மறு ஆண்டு அரசு நியமித்த மூன்று வேதியியலாளர்கள் (தாமஸ் கிரஹாம், வில்லியம் மில்லர், ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹோஃப்மன்) கிளார்க்கின் முறையை ஆதரித்தே எழுதினார்கள்.

இருந்தும் லண்டன் அசையவில்லை. அன்று அந்நகரத்துக்கு நீர் வழங்கியவை தனியார் கம்பெனிகள். சுண்ணாம்பு வாங்க வேண்டும், படியவைக்கத் தொட்டிகள் கட்ட வேண்டும், சேரும் வெண்சேற்றை எங்காவது கொட்ட வேண்டும். இந்தச் செலவெல்லாம் கம்பெனியின் கணக்கில் ஏறும். சோப்பில் மிச்சமாகும் காசு குடும்பத்தின் கைக்குப் போகும். ஒருவர் செலவில் இன்னொருவருக்கு மிச்சம் என்ற ஏற்பாட்டை எந்தக் கம்பெனி தானாக விரும்பும்? 1852ஆம் ஆண்டின் பெருநகர நீர்ச் சட்டம் வீட்டு உபயோக நீரை வடிகட்டுமாறும், நதி நீரை டெடிங்டன் அணைக்கு மேலிருந்து எடுக்குமாறும் கட்டளையிட்டது. கடினத்தைக் குறைக்கச் சொல்லவில்லை.

அதில் ஒரு நியாயமும் இருந்தது. 1854இல் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ தெற்கு லண்டனின் வீடுகளை இரண்டாகப் பிரித்துக் கணக்கெடுத்தார். ஒரு கம்பெனி சாக்கடை கலந்த இடத்திலேயே இன்னும் நீரெடுத்துக்கொண்டிருந்தது. மற்றது 1852இல் மேல்நோக்கி இடம் மாற்றிக்கொண்டிருந்தது. மரணங்கள் முதல் கம்பெனியின் குழாய்களைப் பின்தொடர்ந்தன. இரண்டு நீரும் தேம்ஸ் நீரே, கடினத்தில் பெரிய வேறுபாடு இல்லாதவை. நுரைக்குத் தெரியாத ஏதோ ஒன்று மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்தது. ரிச்மண்ட் கோமகன் தலைமையிலான அரச ஆணையம் 1869இல் அறிக்கை தந்தபோது, தேம்ஸும் லீயும் லண்டனுக்குப் போதும், வேல்ஸ் மலைகளிலிருந்து மென்னீர் கொண்டுவரும் பெருந்திட்டம் தேவையில்லை என்று முடிவாயிற்று. லண்டன்வாசிகள் இன்றும் கெண்டியில் படியும் வெண்பொருக்கைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

*

கிளாஸ்கோவின் நிலை வேறாக இருந்தது. 1853-54 காலராவில் அந்நகரத்தில் மட்டும் ஏறத்தாழ நான்காயிரம் பேர் மாண்டார்கள். நகராட்சியே நீர் வழங்கலைக் கையிலெடுக்கத் துணிந்தது. செலவு செய்பவரும் மிச்சம் பிடிப்பவரும் ஒருவரே என்றான பிறகு மென்னீரின் கணக்கு சட்டென்று மாறிவிடுகிறது. பொறியாளர் ஜான் ஃபிரடெரிக் பேட்மன் கைகாட்டிய இடம் லோக் கேட்ரின் ஏரி. வால்டர் ஸ்காட் 1810இல் வெளியிட்ட 'ஏரியின் நங்கை' என்ற கதைப்பாடலால் புகழ்பெற்று, பயணிகள் தேடிவந்து பார்த்துப்போன அதே ஏரிதான். அதன் கரைகள் எளிதில் கரையாத பழம்பாறைகள். ஆகவே அங்கு சேரும் மழைநீர் கிட்டத்தட்ட மழைநீராகவே இருந்தது. கிளார்க்கின் அளவில் அதன் கடினம் ஏறத்தாழ ஒரு டிகிரிதான்.

திட்டத்துக்கான மசோதா 1854இல் தோற்று 1855இல் நிறைவேறியது. 1859 அக்டோபர் 14ஆம் நாள் விக்டோரியா அரசி மதகைத் திறந்துவைத்தார். மலைகளைக் குடைந்தும் பள்ளத்தாக்குகளைப் பாலங்களால் கடந்தும் சுமார் 55 கிலோமீட்டர் தொலைவு, எந்திரத்தின் உதவியின்றித் தன் சரிவிலேயே நீர் நகரத்தை அடைந்தது. விளைவு மகத்தானது. 1866இல் காலரா மறுபடி பிரிட்டனுக்கு வந்தபோது கிளாஸ்கோவில் இறந்தவர்கள் 53 பேர். சோப்பு மிச்சமானது உபரி மகிழ்ச்சி. சுத்தம், மென்மை, தாராளம் ஆகிய மூன்றும் ஒரே குழாயில் வந்தன. மான்செஸ்டரும் லிவர்பூலும் பர்மிங்காமும் பின்னர் மலை ஏரிகளையும் மலையோடைகளையும் நாடிப் போனதற்கு இந்த வெற்றி ஒரு முன்னுதாரணம் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த மசோதா விவாதிக்கப்பட்ட நாட்களிலேயே ஒரு சந்தேகம் எழுப்பப்பட்டிருந்தது. இவ்வளவு மென்மையான நீர் காரீயத்தை அரிக்கும் என்று வேதியியலாளர் சிலர் எச்சரித்தார்கள். குழாயின் உட்புறம் விரைவில் ஒரு படலம் படிந்து அரிப்பு நின்றுவிடும் என்று வேறு சிலர் சமாதானம் சொன்னார்கள். சமாதானம் வென்றது. காலரா கண்ணெதிரே கொல்கிற நோய். காரீயமோ அன்று ஓர் ஊகம். அந்த நிலையில் அமர்ந்திருந்த எவரும் வேறு விதமாக முடிவெடுத்திருப்பார்களா என்பது ஐயமே.

*

இங்கு காரீயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பூசுவது வெள்ளீயம். இங்கு பேசப்படுவது அதுவல்ல. காரீயம் வளைக்க எளிது, பற்றவைக்க எளிது, துருப்பிடிக்காது. ரோமானியர் காலம் முதல் ஐரோப்பாவின் குழாய் உலோகம் அதுவே. குழாய் வேலை செய்பவரை நாம் பிளம்பர் என்றழைக்கிறோமே, அந்தச் சொல்லே காரீயத்துக்கான இலத்தீன் பெயரான 'பிளம்பம்' என்பதிலிருந்து வந்ததுதான். அதன் தீங்கும் அதே அளவுக்குப் பழையது: கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டிலேயே ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் காரீயக் குழாயைவிட மண்குழாயே உடலுக்கு நல்லது என்று எழுதிவைத்தார். காரீயத் தொழிலாளர்களின் வெளுத்த மேனியை அதற்குச் சான்றாகக் காட்டினார்.

சுண்ணாம்பு நீர் காரீயக் குழாயில் ஓடும்போது அந்த நீரோடு வரும் காரத்தன்மையும் கார்பனேட்டும் குழாயின் உட்சுவரில் கரையாத படலத்தை உருவாக்குகின்றன. கடினம் ஒன்றே காப்பு என்று சொல்வது சற்று எளிமைப்படுத்துவதாகும். சுண்ணாம்புப் பாறை நீருக்குத் தரும் குணங்கள் பல, அவற்றின் கூட்டே அந்தப் படலம். பாறையைத் தொடாமல் வரும் மழைநீருக்கு இவை எதுவும் இல்லை. அதில் பீட் எனப்படும் மக்கிய தாவர மண்ணின் அமிலமும் சேர்ந்துவிட்டால் நீர் காரீயத்தைக் கரைக்கத் தொடங்கும்.

1880களில் ஷெஃபீல்டு நகரம் இதை வெளிப்படையாகக் கண்டது. சதுப்பு மேட்டு நிலங்களிலிருந்து வந்த மென்னீரைக் குடித்த குடும்பங்களில் காரீய நச்சின் அடையாளங்கள் தென்பட்டன. நீரில் சுண்ணாம்புத் தூளைச் சேர்ப்பதே அங்கு கண்ட மருந்து. கிளாஸ்கோவில் நச்சு அப்படிக் கூச்சலிட்டு வரவில்லை. அந்நகரத்து அடுக்குக் குடியிருப்புகளில் வீதியிலிருந்து வீடுவரை நீண்ட காரீயக் குழாய்கள் ஓடின. மேல்தளங்களில் காரீயத் தகடு பதித்த தொட்டிகள் இருந்தன. இரவெல்லாம் தொட்டியிலும் குழாயிலும் தேங்கிய நீர் காலையில் கெண்டிக்குப் போயிற்று. யாரும் ஒரே நாளில் விழுந்து சாகவில்லை. சிறிது சிறிதாக, தலைமுறை தலைமுறையாக உடலில் ஏறியது.

1972இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று மென்னீர் நகரத்தின் வீடுகளில் காரீயம் எந்த அளவுக்கு இருக்கிறது என்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. கருவுற்ற பெண்களின் இரத்தத்திலும், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் உணவிலும் தொடர்ந்து ஆய்வுகள் நடந்தன. புட்டிப்பால் குழந்தைதான் இந்தக் கதையின் ஆகப் பலவீனமான பாத்திரம். அதன் உணவில் பெரும்பகுதி குழாய்நீர். வளரும் மூளை காரீயத்தைத் தாங்காது. பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் காரீயத்துக்கு இல்லை என்பதே இன்றைய மருத்துவத்தின் முடிவு.

1978இல் கிளாஸ்கோ நீரில் சுண்ணாம்பு சேர்க்கத் தொடங்கினார்கள். 1980களின் இறுதியில், குழாய்க்குள் காப்புப் படலம் வளர்வதற்காகப் பாஸ்பேட்டும் சேர்ந்தது. நகரத்துத் தாய்மார்களின் இரத்தத்தில் காரீயத்தின் சராசரி அளவு 1981இல் டெசிலிட்டருக்கு 11.9 மைக்ரோகிராமாக இருந்தது 1993இல் 3.7ஆகக் குறைந்தது. பெட்ரோலில் காரீயம் குறைக்கப்பட்டதற்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் குழாய்நீரின் பங்கு சிறியதல்ல. எந்தச் சுண்ணாம்பு இல்லை என்பதற்காக மலைகளைக் குடைந்து நீரைக் கொண்டுவந்தார்களோ, 119 ஆண்டுகளுக்குப் பிறகு அதே சுண்ணாம்பைக் கையால் போட வேண்டியதாயிற்று.

*

இதற்கிடையே வீடுகள் நகராட்சிக்காகக் காத்திருக்கவில்லை. லண்டன் அறிக்கை வெளியான அதே 1850இல், உரம் மண்ணில் எப்படித் தங்குகிறது என்று ஆராய்ந்த ஹாரி தாம்சனும் ஜான் தாமஸ் வேயும், மண் ஓர் உப்பை வாங்கிக்கொண்டு மற்றொன்றை விட்டுக்கொடுக்கிறது என்பதைப் பதிவு செய்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய வேதியியலாளர் ராபர்ட் கன்ஸ் அந்தத் தத்துவத்தில் செயற்கைச் சியோலைட்டுகளைச் செய்தார். கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும் மணிகள் அவை. களைத்துப்போனால் உப்பு நீரில் கழுவினால் போதும், மறுபடி வேலை செய்யும். 1936இல் எம்மெட் கலிகன் அமெரிக்காவில் இதை வீடுதோறும் வழங்கும் வியாபாரமாக்கினார். அதற்கு முன்பே, 1908இல், ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகராட்சி வேறு வழியைக் காட்டியிருந்தது: வடிகட்டுவதையும் சுண்ணாம்பும் சோடாவும் கொண்டு மென்மையாக்குவதையும் ஒரே நிலையத்தில் பெரிய அளவில் செய்தது.

மூன்றாவது வழி, நீரை விட்டுவிட்டுச் சோப்பை மாற்றுவது. 1946இல் சந்தைக்கு வந்த டைடு போன்ற சலவைத்தூள்களில் பாஸ்பேட் இருந்தது. அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். துணி வெளுத்தது. அந்தப் பாஸ்பேட் சாக்கடை வழியே ஏரிகளுக்குப் போய்ப் பாசிக்கு உரமாயிற்று. 1960களில் ஈரி ஏரி மூச்சுத் திணறியதற்கு அதுவும் ஒரு காரணம். உப்பால் கழுவும் கருவிகளும் இதே வழியில் போயின. கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரிட்டா பள்ளத்தாக்கில் வீட்டுக் கருவிகளிலிருந்து வடியும் உப்பு நதியைக் கெடுப்பதாகக் கண்டு, அவற்றை அகற்றும் சட்டத்துக்கு 2008இல் மக்களே வாக்களித்தார்கள். தொட்டியிலிருந்து துரத்திய கடினம் எங்கோ ஓரிடத்தில் கணக்குத் தீர்த்துக்கொள்ளவே செய்கிறது.

*

கிளாஸ்கோவின் பாடம் கற்கப்பட்டுவிட்டது என்று நினைக்கத் தோன்றும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபிளிண்ட் நகரம் அந்த நினைப்பைக் கலைத்தது. கடனில் மூழ்கியிருந்த அந்நகரம் மாநில அரசு நியமித்த நிர்வாகியின் கையில் இருந்தது. 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க, டெட்ராய்ட்டிலிருந்து வாங்கிவந்த ஏரி நீரை நிறுத்திவிட்டு ஃபிளிண்ட் நதி நீரைத் தன் நிலையத்திலேயே சுத்திகரித்து வழங்கத் தொடங்கியது. டெட்ராய்ட் தன் நீரில் அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைச் சேர்த்துவந்தது. ஃபிளிண்ட்டில் அது சேர்க்கப்படவில்லை. நதி நீர் மென்னீர் அல்ல, கடின நீர்தான். ஆனால் அதில் குளோரைடு மிகுதி. ஆண்டுக்கணக்கில் காரீயக் குழாய்க்குள் வளர்ந்திருந்த படலம் பெயரத் தொடங்கியது. கடின நீர் காக்கும், மென்னீர் கரைக்கும் என்ற பழைய சூத்திரமும் இங்கே போதவில்லை. குழாய்க்குள் பல்லாண்டுகளாக உருவான சமநிலையைக் குலைத்தால் எந்த நீரும் நஞ்சாகலாம்.

குழாயில் வரும் நீரின் நிறமும் நாற்றமும் மாறியதை வீடுகள் உடனே சொல்லின. 2014 அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை, இந்த நீர் தன் எஞ்சின் பாகங்களை அரிக்கிறது என்று வேறு நீருக்கு மாறிக்கொண்டது. நகரத்து மக்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர், மிகப் பலர் ஏழைகள். 2015 செப்டம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா, இரத்தத்தில் காரீயம் மிகுந்த குழந்தைகளின் விகிதம் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாக இரட்டித்திருப்பதை அறிவித்தார். அதிகாரிகள் முதலில் மறுத்தார்கள், பின்னர் ஏற்றார்கள். அக்டோபரில் பழைய நீர் திரும்பியது. எஞ்சினின் முறையீடு கேட்கப்பட்டு ஓராண்டு கழிந்த பிறகே குழந்தைகளின் முறையீடு கேட்கப்பட்டது.

*

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். சென்னையின் குழாய்நீர் வரலாறு லண்டன் பாணியிலேயே எழுதப்பட்டது. 1872இல் செங்குன்றம் ஏரியிலிருந்து நீர் வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்தன. நகரம் பெருத்து ஏரிகள் போதாமற்போனபோது வீடுகள் ஆழ்துளைக் கிணறு தோண்டின. அந்த நீரின் கடினத்தை நகராட்சி அளக்கவில்லை. பருப்பும் சோப்பும் அளந்தன. லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தை ஏற்கத்தக்கதென்றும், வேறு வழி இல்லாத இடத்தில் 600 வரை பொறுக்கலாமென்றும் 2012ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. தர நிர்ணயத்தைப் படிக்காமலே வீடுகள் ஆர்.ஓ. கருவிகளை வாங்கின, கேன் தண்ணீருக்குப் பழகின.

ஆர்.ஓ. கருவி உப்பை அழிப்பதில்லை. ஒரு பகுதி நீரை மென்மையாக்கி, அதன் உப்பையெல்லாம் மறுபகுதியில் செறிவாக்கிச் சாக்கடைக்கு அனுப்புகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாகக் கரைபொருள் உள்ள நீருக்கு இக்கருவியைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் பணித்தது அந்த வீணடிப்பைக் கருதித்தான். நம் குழாய்கள் காரீயமல்ல, பிளாஸ்டிக் என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. பி.வி.சி. குழாய்கள் சூட்டில் சிதையாமலிருக்கச் செய்முறையிலேயே காரீய உப்புகள் சேர்க்கப்பட்டுவந்தன. அவற்றைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2021இல்தான் வந்தன.

கிளாஸ்கோவில் குழாயும் நீரும் நகராட்சியின் பொறுப்பில் இருந்தன. ஆகவே தவறு தெரிந்ததும் ஓரிடத்தில் சுண்ணாம்பைச் சேர்த்து நகரம் முழுவதையும் சீர்செய்ய முடிந்தது. ஒவ்வொரு வீடும் தன் கிணற்றோடும் தன் கருவியோடும் தனித்தனியாக நிற்கும் ஊரில் அப்படிச் சுண்ணாம்பு போடுவதற்கான இடமே இல்லை. கருவி வாங்க முடிந்த வீடு மென்னீர் குடிக்கிறது. வாங்க முடியாத வீடு அடுத்த வீட்டின் கழிவுப்பும் சேர்ந்து இறங்கும் நிலத்தடி நீரைக் குடிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அந்த நீண்ட வாக்குவாதங்கள் எவ்வளவு பிழைகளைச் செய்திருந்தாலும், வீட்டுச் சோப்பின் கணக்கை ஊர்ப் பொதுக்கணக்கில் எழுத முயன்றன. நாம் அந்தக் கணக்கை அவரவர் சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டோம்.